பழைய பிக்கப்பில் டிராவல் டிரெய்லர் இழுக்க வண்டியைத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பெட்ரோல் பிக்கப் ஒன்று கையில் இருக்கிறது. அதன் பின்னால் படுக்கையும் அடுப்பும் உள்ள டிராவல் டிரெய்லரை மாட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பக்கம். எடைக் கணக்கு முதலில், வண்டியின் உடல்நிலை அடுத்து, புதிதாக வாங்கி மாட்டும் சாமான்கள் அதற்குப் பிறகு என்ற வரிசையில் கேள்விகளை வைத்திருக்கிறேன். வேலையையும் அதே வரிசையில் செய்யுங்கள்.

வண்டி புதிதாக வந்தபோது 3,600 கிலோ இழுக்கும் என்றார்கள். 3,400 கிலோ டிரெய்லர் வாங்கலாம்தானே?

அந்த ஒரு எண்ணை நம்பி வாங்காதீர்கள். விளம்பரத்தில் வருவது, அந்த மாடலிலேயே இழுவைக்கு மிகவும் தோதான வகைக்கு உரிய எண். சிறிய கேபின், பெரிய எஞ்சின், இழுவைக்கான ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்), உள்ளே அதிகச் சாமான் இல்லாத நிலை. உங்கள் வண்டியின் ஆக்ஸில் விகிதம் 3.08 அல்லது 3.21 என்றால், 3.73 அல்லது 4.10 உள்ள அதே மாடலைவிட அனுமதிக்கப்பட்ட இழுவை எடை பல நூறு கிலோ குறைவாக இருக்கும். விகிதம் எது என்பது கதவோரத்து ஒட்டியிலோ, டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கும் குறியீட்டுப் பட்டியலிலோ, பின் ஆக்ஸில் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் மூடியில் தொங்கும் தகட்டிலோ தெரியும்.

பழைய வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இழுவை எடையை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி சோதித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு ஜே2807 என்ற தரநிலையை 2008-இல் கொண்டுவந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகில் உள்ள நீண்ட ஏற்றத்தை ஒட்டி அதன் ஏற்றச் சோதனை வகுக்கப்பட்டது. சுமார் 38 டிகிரி வெயிலில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே போகாமல் வண்டி ஏற வேண்டும். டொயோட்டா 2011 மாடல்களிலிருந்து இதைப் பின்பற்றியது; மற்றவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் வந்தார்கள். உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்றால், அதன் எண் அந்த நிறுவனம் தன் சொந்த முறையில் கணக்கிட்டது. அதோடு அது புது வண்டிக்கான எண். தேய்ந்த ஸ்பிரிங்கும் பாதி அடைத்த ரேடியேட்டரும் அந்தக் கணக்கில் கிடையாது.

அப்படியென்றால் எந்த எண்ணைப் பார்ப்பது?

வண்டி சுமக்கக்கூடிய எடையைப் பாருங்கள். டிராவல் டிரெய்லர் விஷயத்தில், இழுவைத் திறன் தீர்வதற்கு முன்பே சுமைத் திறன் தீர்ந்துவிடுவதுதான் வழக்கம். காரணம், டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) வழியாக வண்டியின் முதுகில் உட்கார்கிறது. இதை டங் எடை என்பார்கள். அப்புறம் ஆட்கள், சாமான்கள், ஹிட்ச் எல்லாமே அதே சுமைக் கணக்கில்தான் சேரும்.

2006 வாக்கிலிருந்து வந்த பல வண்டிகளின் ஓட்டுநர் கதவோரத்தில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒரு மஞ்சள் ஒட்டி இருக்கும். அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் மொத்த அனுமதி எடை (வண்டியும் அதன் மேல் ஏறும் சுமையும் சேர்ந்தது) மட்டும்தான் அச்சிட்டிருக்கும். அப்போது டாங்க்கை நிரப்பிக்கொண்டு, நீங்கள் ஒருவர் மட்டும் உட்கார்ந்து, எடை மேடைக்குப் போங்கள். பழைய வண்டிக்கு இதுவே நம்பகமான வழி. இடையில் யாரோ மாட்டிய இரும்பு பம்பர், பின் தட்டு மூடி, கருவிப் பெட்டி எல்லாம் ஒட்டியில் இருக்காது, மேடையில் தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்த அனுமதி எடை 3,000 கிலோ. நீங்கள் உட்பட மேடையில் வந்தது 2,350. மீதி 650. குடும்பத்தில் மற்ற மூவர் 150, பின் தட்டில் சாமான் 90, எடை பகிர்வு ஹிட்ச் 40. போக மீதி 370 கிலோ. இதுதான் டங் எடைக்கு உள்ள இடம். டங் எடை 13 சதவீதம் என்றால் டிரெய்லர் சுமார் 2,850 கிலோ வரை போகலாம். 15 சதவீதம் என்றால் 2,470-இலேயே நின்றுவிடும். 3,600 எங்கே, 2,470 எங்கே!

இத்தோடு முடியவில்லை. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனி வரம்பு உண்டு. அது ஓட்டுநர் கையேட்டில் இருக்கும். இந்த வண்டிக்கு அது 5,400 கிலோ என்று வைத்துக்கொண்டால், 5,400-இல் வண்டியின் 2,630 (மேடையில் வந்த 2,350-உம் ஆட்கள், சாமான், ஹிட்ச் சேர்ந்த 280-உம்) போக 2,770 தான் டிரெய்லருக்கு. 13 சதவீதக் கணக்கில் வந்த 2,850-ஐயும் இது வெட்டிவிட்டது. எந்த வரம்பு முதலில் தடுக்கிறதோ அதுவே உங்கள் எண்.

டிரெய்லரின் காலி எடையை வைத்துக் கணக்குப் போடலாமா?

வேண்டாம். காலி எடை என்று பட்டியலில் போடுவதில் தண்ணீர், பாத்திரம், துணிமணி இருக்காது. பல சமயம் பேட்டரியும் எரிவாயு உருளையும்கூட இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 150 கிலோ ஏறிவிட்டது. டிரெய்லரின் ஒட்டியில் இருக்கும் அதிகபட்ச அனுமதி எடையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பயணம் போகப் போக எடை அந்தப் பக்கம்தான் நகரும்.

வண்டியில் முதலில் எதைப் பார்ப்பது?

சேஸியை. மற்ற எல்லாவற்றையும் காசு கொடுத்து மாற்றிவிடலாம். சேஸி அரித்துப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊரிலோ கடலோரத்திலோ ஓடிய வண்டி என்றால் கட்டாயம் கீழே படுத்துப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸி வளையும் இடம், ஹிட்ச்சைச் செருகும் ரிசீவரின் போல்ட் பிடிக்கும் இடம், பிரேக் குழாய் பதிந்து போகும் உள்பக்கம் ஆகியவை முக்கியம். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மந்தமாகச் சத்தம் வந்தாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ ஆபத்து. மேலே புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். அரித்த சேஸியில் ஒட்டு வெல்டிங் போட்டு டிரெய்லர் இழுப்பது எனக்குச் சம்மதமே இல்லை.

பிரேக் எப்படி இருக்க வேண்டும்?

பேடும் டிஸ்க்கும் எல்லோரும் பார்ப்பார்கள். பழைய வண்டியில் விட்டுப்போவது ரப்பர் ஹோஸும் பிரேக் ஆயிலும். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் சூடேறுவது அதற்கு அடையாளம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் டிரெய்லரோடு வரும்போது 140 டிகிரியை எட்டிவிடுவது சுலபம். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதுமாக மாற்றுங்கள். பயணத்துக்கு முன் கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியவில்லை என்றால், இப்போதே மாற்றுங்கள்.

பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டியில் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்தாலே பெடல் மேலே வந்துவிடும். கை பிரேக்கும் சரியாகப் பிடிக்க வேண்டும். சரிவில் டிரெய்லரைக் கழற்றும்போது அதுதான் துணை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்குமா?

பழைய வண்டியில் டிரெய்லர் முதலில் காவு வாங்குவது இதைத்தான், அதற்குக் காரணம் சூடு. ஆயில் 80 டிகிரி செல்சியஸ் பக்கம் ஓடினால் நீண்ட நாள் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மெக்கானிக்குகள் நெடுநாளாகச் சொல்லும் கணக்கு. 115, 120 டிகிரியில் தொடர்ந்து ஓடினால் சீல்கள் இறுகத் தொடங்கும்; இன்னும் சூடேறினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும்.

முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். தெளிவான சிவப்பு நல்லது. பழுப்பாகி, கருகிய வாசனை வந்தால், இழுவைக்கு முன்பே உள்ளே தேய்மானம் இருக்கிறது. அப்படிப்பட்ட கியர்பாக்ஸை ஆயில் மாற்றி மட்டும் காப்பாற்ற முடியாது. ஆயில் நன்றாக இருந்தால் ஃபில்டரோடு சேர்த்து மாற்றி, தனியாக ஒரு ஆயில் கூலர் போடுங்கள். பல தட்டுகளை அடுக்கிய வகை, குழாய் வளைத்த வகையைவிட நன்றாகச் சூட்டை இறக்கும். அதற்கு அடுத்து நான் வற்புறுத்துவது ஒரு வெப்பமானி. பல பழைய பிக்கப்களில் கியர்பாக்ஸ் சூட்டைக் காட்டும் முள்ளே கிடையாது. எச்சரிக்கை விளக்கு எரியும் நேரத்தில் ஆயில் ஏற்கெனவே வெந்திருக்கும். 105 டிகிரியைத் தொடும்போதே கீழ் கியருக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

ஓட்டும்போது இழுவைக்கான கியர் பொத்தான் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ஓவர்டிரைவை (மிக உயர்ந்த கியரை) அணைத்துவிடுங்கள். மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டே இருப்பதுதான் சூட்டை ஏற்றுகிறது. எஞ்சின் சத்தம் கூடினால் பயப்பட வேண்டாம்.

கையால் மாற்றும் கியர் என்றால்?

சூட்டுப் பிரச்சினை குறைவு, கிளட்ச் பிரச்சினை அதிகம். பல மாடல்களில் மேனுவல் கியர் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட இழுவை எடை குறைவாகவே இருக்கும். கையேட்டைப் பாருங்கள்.

எஞ்சின் சூடேறாமல் இருக்க என்ன செய்வது?

காலியாக ஓடும்போது சூடேறவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. பாதி அடைத்த ரேடியேட்டரும் தளர்ந்த ஃபேன் கிளட்சும் காலி வண்டிக்குப் போதும். ஏற்றத்தில் டிரெய்லரோடு போகும்போதுதான் குட்டு வெளிப்படும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், பெல்ட் இவற்றின் வயது தெரியவில்லை என்றால் ஒரே தடவையில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ரேடியேட்டர் மூடியை மறக்காதீர்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணக் காற்றழுத்தத்தில் 106 டிகிரி அளவில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் அது ஏறக்குறைய 129 டிகிரி வரை தள்ளிப்போகும். மிகச் சிறிய பொருள், ஆனால் 20 டிகிரிக்கும் மேலான பாதுகாப்பு அதில் இருக்கிறது.

ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் உள்ள ஏசி கண்டென்சருக்கும் நடுவில் பூச்சியும் பஞ்சும் அடைத்திருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவினாலே வித்தியாசம் தெரியும்.

டிஃபரன்ஷியல் ஆயிலையும் இதே கையோடு மாற்றுங்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றாமலேயே ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

டிரெய்லர் மாட்டினால் பின்பக்கம் தாழ்கிறது. ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையான காற்றுப் பை) போட்டால் சரியாகிவிடுமா?

பின்பக்கம் உயரும், பிரச்சினை அங்கேயே இருக்கும். டங் எடை விழுவது பின் ஆக்ஸிலுக்குப் பின்னால். அதனால் வண்டி பின் ஆக்ஸிலை அச்சாகக் கொண்டு சீசா பலகைபோல் சாய்கிறது: பின்னால் அழுந்தும், முன்னால் தூக்கும். முன் பின் ஆக்ஸில்களுக்கு இடையே 3.6 மீட்டர், பின் ஆக்ஸிலிலிருந்து ஹிட்ச் பந்து (டிரெய்லரின் கொக்கி உட்காரும் உருண்டை) 1.5 மீட்டர் என்றால், 370 கிலோ டங் எடை முன் சக்கரங்களிலிருந்து சுமார் 154 கிலோவை எடுத்துவிடுகிறது. பின் ஆக்ஸிலில் விழுவது 370 அல்ல, சுமார் 524. முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் மிதக்கும், முன் பிரேக் பிடிமானம் குறையும். ஏர் பேக் பின்பக்கத்தை நிமிர்த்துமே தவிர அந்த 154 கிலோவை முன்னால் திருப்பித் தராது. வண்டியின் அனுமதி எடையையும் கூட்டாது.

திருப்பித் தருவது எடை பகிர்வு ஹிட்ச். அதன் இரண்டு ஸ்பிரிங் தண்டுகள் வண்டியையும் டிரெய்லரையும் ஒரு உத்தரம்போல் இறுக்கி, எடையில் ஒரு பகுதியை முன் ஆக்ஸிலுக்கும் இன்னொரு பகுதியை டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் நகர்த்தும். சரியாக இறுக்கியிருக்கிறதா என்று அறிய அளவுநாடா போதும். முன் சக்கரத்துக்கு மேலே மட்கார்டு விளிம்பின் உயரத்தை மூன்று முறை அளந்துகொள்ளுங்கள்: டிரெய்லர் மாட்டாமல், மாட்டித் தண்டு போடாமல், தண்டு போட்டு. மாட்டியதும் 40 மில்லிமீட்டர் உயர்ந்தது என்றால், தண்டு போட்டதும் குறைந்தது பாதியாவது இறங்க வேண்டும். எவ்வளவு இறங்கலாம் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். பழைய உயரத்துக்கும் கீழே இறங்கும்படி இறுக்கினால் பின் சக்கரம் லேசாகிவிடும், அதுவும் ஆபத்து.

தளர்ந்த பட்டை ஸ்பிரிங்கை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் இந்த அளவெல்லாம். தொய்ந்த பட்டையை மாற்றி, புஷ்களைப் புதிதாக்கி, ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றினால், பழைய பிக்கப் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ரிசீவரும் பந்தும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பின் பம்பரில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக அங்கே பந்தை மாட்டாதீர்கள். சேஸியில் போல்ட் போட்ட 2 அங்குல ரிசீவர் வேண்டும். அதன் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: எடையைத் தாங்கி மட்டும் இழுத்தால் ஒன்று, எடை பகிர்வு ஹிட்சோடு என்றால் இன்னொன்று. முதல் எண் பல சமயம் பாதிதான். பந்தின் அளவு டிரெய்லரின் கொக்கியில் பொறித்திருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும். டிராவல் டிரெய்லர்களில் 2 அங்குலமும் 2 5/16 அங்குலமும்தான் அதிகம் வரும். பெரிய கொக்கியில் சின்னப் பந்து உட்கார்ந்ததுபோலவே தெரியும். பள்ளத்தில் குதித்ததும் கழன்றுவிடும்.

டிரெய்லர் பிரேக்கை வண்டியோடு எப்படி இணைப்பது?

ஏழு முனை இணைப்பும், டிரெய்லரின் மின் பிரேக்கை இயக்க, ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும். கன்ட்ரோலரில் இரண்டு வகை. ஒன்று, பெடலை மிதித்ததும் நேரக் கணக்கில் மின்சாரத்தைக் கூட்டுவது. மற்றது, வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறதோ அதற்கேற்ப டிரெய்லரையும் நிறுத்துவது. இரண்டாவதை வாங்குங்கள், பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

அமைப்பது சுலபம். ஆளில்லாத சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போய், கன்ட்ரோலரின் கை நெம்பை மட்டும் முழுதாக அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் குறையுங்கள்; வெறுமனே இழுபட்டால் கூட்டுங்கள். பூட்டுவதற்குச் சற்று முன்பான நிலைதான் சரி. டிரெய்லரும் பழையது என்றால் பிரேக் காந்தங்களின் மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள்: 10 அல்லது 12 அங்குல டிரம் என்றால் சக்கரத்துக்குச் சுமார் 3 ஆம்பியர், நான்கு சக்கரத்துக்கு 12. அதைவிட நன்றாகக் குறைந்தால் எங்கோ கம்பி துருப்பிடித்திருக்கிறது, பெரும்பாலும் எர்த் இணைப்பில்.

டிரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் போடும் சுவிட்சின் கம்பியை வண்டியின் சேஸியில் தனியாக மாட்டுங்கள், ஹிட்ச் சங்கிலியிலோ பந்துத் தண்டிலோ அல்ல. டிரெய்லர் பேட்டரி செத்திருந்தால் அந்தச் சுவிட்ச் வேலை செய்யாது.

டயர் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

வயதைக் கவனியுங்கள். டயர் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கம், தயாரித்த வாரமும் வருடமும். 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம். டிரெய்லர் டயர் நின்ற இடத்திலேயே கெட்டுப்போகும். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் மாற்றுவது நல்லது. பிக்கப்பில் கார் வகை டயர் போட்டிருந்தால், இலகு டிரக் வகைக்கு மாறுங்கள். பக்கச் சுவர் விறைப்பாக இருப்பதால் வண்டி ஆடாது. காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள்.

டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் என்ன செய்வது?

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பப் போனால் ஆட்டம் பெருகும். வண்டியின் பிரேக்கை அழுத்தாமல், கன்ட்ரோலரின் கை நெம்பால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகிவிடும். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போகும்படி முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

ஆட்டம் வந்ததென்றால் அடுத்த நிறுத்தத்தில் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் டங் எடை 10 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும். சைக்கிளையும் தண்ணீர்க் கேன்களையும் டிரெய்லரின் பின்கோடியில் ஏற்றினால் இப்படித்தான் ஆகும். சாமானில் 60 சதவீதம் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கட்டும். வேகமும் முக்கியம்: 90-இலிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. சுவர்போல் நிற்கும் டிரெய்லர் முகப்புக்கு அது சாதாரணமில்லை. பல டிரெய்லர் டயர்களின் வேக வரம்பே 105 கிலோமீட்டர்தான்.

எஞ்சின் சக்தியைக் கூட்ட ட்யூனிங் செய்யலாமா?

பழைய வண்டியில் வேண்டாம். கூடுதல் சக்தி கூடுதல் சூடாக கியர்பாக்ஸுக்குத்தான் போகும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதச் சக்தியை இழக்கும்; மலையில் மெதுவாகத்தான் ஏறும். ஏறட்டும்.

முதல் நீண்ட பயணத்துக்கு முன் ஒத்திகை வேண்டுமா?

வேண்டும். முழுச் சாமானோடு, குடும்பத்தோடு, ஒரு நல்ல ஏற்றமும் இறக்கமும் உள்ள சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். போகும் வழியில் எடை மேடையில் ஏறி, முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் ஆக்ஸில் எனத் தனித்தனியாக எடை போடுங்கள். இறக்கத்தில் கீழ் கியரில் வாருங்கள். பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், அழுத்திக் குறைத்து விடுவித்து வாருங்கள். நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பேரிங் அல்லது பிரேக் பிடித்திருக்கிறது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் அடியில் புதிய கசிவு இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். டிரெய்லர் சக்கர நட்டுகளை 80 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ஸ்பேனரால் மறுபடி இறுக்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இது பொருந்தும்.